தலைமடையில் தேங்கும் திட்டம்

ஏரி உடைந்தது, ஊரின் தலையெழுத்து என்றார்கள். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை. முன்வினைப் பயன் என்றார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் வண்டியிலேயே தாய் மாண்டாள்; ஆண்டவன் அழைத்துக்கொண்டான் என்றார்கள். இவ்வாறு பேசிப் பேசியே நூற்றாண்டுகளைக் கழித்த நாட்டில், 'திட்டம்' எனும் சொல் புகுந்த நாள் பகுத்தறிவாளர்க்குத் திருநாள் அன்றோ! ஏரி உடைந்ததற்குக் காரணம் கரையில் மண் போதாமை. தாய் மாண்டதற்குக் காரணம் ஆறு கல் தொலைவுக்குள் மருத்துவர் இல்லாமை. காரணம் தெரிந்தால் பரிகாரம் தெரியும். பரிகாரம் தெரிந்தால் செலவு தெரியும். செலவு தெரிந்தால் எந்த ஆண்டில் எதை முடிப்பது என்று எழுதி வைக்கலாம். அதுதான் திட்டம். பஞ்சாங்கத்தின் இடத்தில் கணக்கேட்டை வைக்கும் வேலை அது.

ஆகவே, திட்டம் தேவையா என்று நாம் வினவப் போவதில்லை. அந்த வினாவை மேட்டுக்குடி முதலாளிகளிடமும், 'எல்லாம் அவன் செயல்' என்போரிடமும் விட்டுவிடுவோம். நாம் எழுப்பும் வினா வேறு: திட்டம் தீட்டும் குழுவை அமைப்பவர் யார்? அதில் அமர்பவர் யார்? அது எழுதி வைத்ததை ஏற்க மறுப்பவர், மறுப்புக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவரா, இல்லையா?

டில்லியின் கதையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1950 மார்ச் 15ஆம் நாள், நடுவண் அமைச்சரவை ஒரு தீர்மானம் போட்டது; திட்டக் கமிஷன் பிறந்தது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்றும் அதற்கில்லை. அரசியல் சட்டத்திலே அதன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பெற்றவள் தெரியாமல் வளர்ந்த அந்தப் பிள்ளை, மாநிலங்களின் முதலமைச்சர்களை வாயிலில் நிறுத்திவைக்கும் அளவுக்கு வளர்ந்தது. அன்றைய நிதியமைச்சர் ஜான் மத்தாய், அமைச்சரவைக்குப் போட்டியாக இன்னோர் அமைச்சரவையா என்று மனம் கசந்து, அதே ஆண்டில் பதவியை விட்டு விலகினார். அவர் திராவிட இயக்கத்தார் அல்லர், டில்லிக்கு வேண்டியவர்தாம். அவருக்கே பொறுக்கவில்லை.

சேலத்து இரும்பு சேலத்து மண்ணில் கிடந்தது. அதை உருக்க ஆலை வேண்டும் என்பதற்காக, ஆட்சிப் பொறுப்பில் இருந்த அறிஞர் அண்ணாவே 1967 சூலையில் எழுச்சி நாள் நடத்த வேண்டியிருந்தது. அடிக்கல் 1970இல் விழுந்தது. ஆலை ஓடியது எண்பதுகளின் தொடக்கத்தில். தெற்கின் கசப்பு வெறும் மேடைக் கசப்பு அன்று. ஆண்டுக் கணக்கு உள்ள கசப்பு. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஐம்பதுகளில் தொடங்கித் தொண்ணூறுகளின் முற்பகுதி வரை, இரும்புக்கும் எஃகுக்கும் நாடெங்கும் ஒரே சரக்குக் கட்டணம் என்று டில்லி விதித்த திட்டத்தால் மிகுதியும் இழந்தது பீகார். சுரங்கம் தன் வீட்டு வாசலில் இருந்தும் ஆலைகள் அங்கே வரவில்லை. அந்த ஏற்பாட்டால் நமக்கு நட்டமில்லை, ஆதாயமே. தொலைவில் உட்கார்ந்து தீட்டும் திட்டம் திசை பார்த்துக் கெடுப்பதில்லை. கண்ணுக்கெட்டாத எவரையும் கெடுக்கும். பாட்னா நகரத்து ஏழைக்கும் நமக்கும் அந்த வகையில் வழக்கு ஒன்றே.

இந்த வழக்கை முறையாக எடுத்துரைக்கத்தான் 1969இல் கலைஞர் ஆட்சி இராசமன்னார் குழுவை அமைத்தது. பி. வி. இராசமன்னார், இலட்சுமணசாமி முதலியார், சந்திரா ரெட்டி ஆகிய மூவரும் 1971 மே 27ஆம் நாள் அறிக்கை தந்தனர். திட்டக் கமிஷனைக் கலைத்துவிட்டு, அந்த இடத்தில் சட்டத்தின் வழி அமைந்த வல்லுநர் குழு ஒன்றை வையுங்கள். அது மாநிலங்களுக்கு அறிவுரை கூறட்டும். மாநிலங்கள் தத்தம் திட்டக் குழுக்களை வைத்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் கூறியதன் சாரம். டில்லி அதைக் கேட்கவில்லை. 2014இல் கமிஷனைக் கலைத்தது உண்மைதான். ஆனால் 2015 சனவரி முதல் நாள் அதன் இடத்தில் வந்த நிதி ஆயோக்கும் அமைச்சரவைத் தீர்மானத்தின் பிள்ளையே.

இதுவரை படித்த தோழர்கள், 'இது நமக்குத் தெரிந்த பாட்டுத்தானே' எனலாம். தெரிந்த பாட்டுத்தான். தெரியாத அடி இனித்தான் வருகிறது.

இராசமன்னார் அறிக்கை வந்த அதே கிழமையில், இரண்டு நாள் முன்னதாக, 1971 மே 25இல் தமிழ்நாட்டின் மாநிலத் திட்டக் குழு அமைக்கப்பட்டது. முதலமைச்சர் தலைவர், அரசுக்கு அறிவுரை கூறுவது வேலை. எப்படி அமைக்கப்பட்டது? சட்டமன்றத்தில் சட்டம் இயற்றியா? இல்லை. அரசின் ஆணையால். டில்லியைப் பார்த்து, 'உன் குழுவுக்குச் சட்டம் எங்கே?' என்று கேட்ட நாம், நம் குழுவுக்குச் சட்டம் தரவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் தரவில்லை.

அதனால் என்ன கெட்டுவிட்டது என்பீரோ? 2020இல் ஓர் ஆணை வந்தது. குழுவின் பெயர் 'மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு' என்றாயிற்று. ஓர் ஆணையில் பெயரை மாற்றலாம். இன்னோர் ஆணையில் ஆட்களை மாற்றலாம். மூன்றாவது ஆணையில் கதவைச் சாத்தலாம். ஆட்சி மாறினால் ஆள் மாறும், ஆள் மாறினால் தொடங்கிய ஆய்வு அலமாரிக்குப் போகும் என்றிருக்கும் குழு, இருபது ஆண்டுக்குப் பின் வரப்போகும் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி எப்படித் துணிந்து எழுதும்? தலைவரே முதலமைச்சர், அவருக்கே அறிவுரை. தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் கடிதத்தில் கண்டிப்பு எவ்வளவு இருக்கும்?

குறை கூறுவதே நம் நோக்கமன்று. இக்குழு நல்ல வேலை செய்தபோது எப்படி இருந்தது என்பதையும் பார்த்தோம். 2021இல் செயராஞ்சன் அவர்கள் துணைத் தலைவரானபோது, பொருளியல் அறிஞர்களோடு திருநங்கை ஒருவரும், நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ், உறுப்பினராக அமர்ந்தார். 'இவர்களுக்கும் திட்டத்துக்கும் என்ன தொடர்பு?' என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. திட்டத்தில் தங்கள் பெயர் எழுதப்படாமலே போனவர்கள் ஆயிற்றே. அதைவிட வேறு தகுதி என்ன வேண்டும்!

அந்தக் குழு அளந்து பார்த்தது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றதும், 'இலவசம், இலவசம்' என்று இகழ்ந்தவர்களுக்குக் குழுவின் ஆய்வு விடை சொன்னது: பயணம் செய்யும் பெண் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் பிடிக்கிறாள். பள்ளியில் காலை உணவு தந்ததும் 'சோறு போட்டால் படிப்பு வந்துவிடுமா?' என்றார்கள். குழு 1,543 பள்ளிகளின் வருகைப் பதிவேட்டைப் புரட்டியது. 1,319 பள்ளிகளில் வருகை உயர்ந்திருந்தது. வசைக்கு வசை என்று இறங்காமல், பதிவேட்டைத் திறந்து காட்டினார்கள். நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் சென்னை மாநகராட்சி பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு தந்ததையும் இகழ்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். அன்று அளந்து காட்ட ஒரு குழு இல்லை.

எல்லாவற்றையும் ஊருக்கு ஊர் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் கட்சியன்று. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மாநிலம் முழுவதற்கும் மருந்தை ஒரே கையால் கொள்முதல் செய்தார்கள். அதனால் விலை இறங்கியது, கிட்டங்கியில் இருப்பு தெரிந்தது. அதை முப்பத்தெட்டு மாவட்டங்களும் தனித்தனியே செய்தால் தரகர்கள்தாம் கொழுப்பார்கள். பெருந்தொகையாய் வாங்குவது, உயர்கல்வி, மின்சாரம் ஆகியவற்றைச் சென்னையில் தீட்டட்டும்.

ஆனால் வடிகால்? காவிரிப் படுகையிலே நடந்து பார்த்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மேலூரான் தன் வயல் நீரை வடித்தால் கீழூரான் வயல் மூழ்கும். கீழூரான் வாய்க்காலை அடைத்தால் மேலூரான் பயிர் அழுகும். ஒரு வடிகால் முப்பது ஊர் கடந்து கடலில் விழுகிறது. அதை ஓர் ஊராட்சி தீட்ட இயலாது. சென்னையில் இருக்கும் அதிகாரிக்கோ அதன் பெயரே தெரியாது. அங்கேதான் இடைப்பட்ட ஒரு மன்றம், வட்டாரம் முழுவதையும் ஒரே வரைபடத்தில் பார்க்கும் மன்றம், வேண்டியிருக்கிறது. சாலையும் அப்படி, துணைச் சுகாதார நிலையம் எந்த ஊரில் அமைவது என்பதும் அப்படி, பேருந்து எந்தச் சேரிக்கு முன் நின்று போக வேண்டும் என்பதும் அப்படி.

இப்படியொரு மன்றம் நமக்குப் புதிதா? ஜில்லா போர்டு என்று நம் பாட்டனார் சொன்னதை நினைவிருத்துங்கள். தஞ்சை ஜில்லா போர்டு, மக்களிடம் தனித் தீர்வை திரட்டி, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் பாதையே போட்டது. 1894இல் அதில் வண்டி ஓடியது. ஓட்டிக் கொடுத்தது தென்னிந்திய ரயில்வே. வெள்ளையன் காலத்து மாவட்டத்துக்கு இருந்த தெம்பு அது.

மன்றம் இருந்தால் மட்டும் போதாது, அதில் அமர்பவர் யார் என்பதே பொருள் என்பதற்கும் அதே தஞ்சை போர்டே சான்று. சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் போர்டின் மேற்பார்வையில் இருந்தன. விளைந்ததெல்லாம் ஒரு வகுப்பாரின் இலைக்கே போயிற்று. இருபதுகளில் சர் ஏ. டி. பன்னீர்செல்வம் தலைவரானார், தமிழவேள் உமாமகேசுவரனார் துணை நின்றார். ஒரத்தநாட்டுச் சத்திரத்தின் வருவாய் பார்ப்பனரல்லாத மாணவர் விடுதிக்குத் திரும்பியது. வடமொழிக்கே என்றிருந்த திருவையாற்று அரசர் கல்லூரியில் தமிழ் நுழைந்தது. அதே நிலம், அதே நெல், அதே கணக்கேடு. நாற்காலியில் அமர்ந்தவர் மாறினார், உண்டவர் மாறினார். புரட்சி என்று அதற்கு எவரும் பெயர் சூட்டவில்லை. விடுதியில் உண்டு படித்து வெளியேறிய உழவர் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள் அது என்னவென்று.

1958இல் சென்னை ஊராட்சிச் சட்டம் வந்தது. ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தன. பள்ளியும் கிணறும் பாதையும் பெருகின. அதை மறுக்க நாம் யார்? ஆனால் ஜில்லா போர்டுகள் ஒழிக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் வந்த மாவட்ட வளர்ச்சி மன்றத்துக்குத் தலைவர் கலெக்டர், வேலை, அறிவுரை. தேர்ந்தெடுக்கப்பட்டவன் இருந்த இடத்தில் நியமிக்கப்பட்டவன் வந்தான். காங்கிரசார் செய்தது அது என்று சொல்லி நாம் கை கழுவிவிடலாம். 1967க்குப் பின் ஆண்டவர்கள் யார்? மாவட்ட ஊராட்சித் தேர்தல் 1996 வரை ஏன் காத்திருந்தது? அதுவும், டில்லி அரசியல் சட்டத்தைத் திருத்திய பிறகல்லவா நடந்தது? மாநில சுயாட்சி கேட்ட நாட்டுக்கு மாவட்டத்தின் ஆட்சியை டில்லி நினைவூட்ட வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமையன்று.

அந்தத் திருத்தம் தந்தது என்ன என்பதையும் சொல் சொல்லாய் ஆராய்வோம். இலக்கியத்தை மட்டுமா ஆராய வேண்டும்? அரசியல் சட்டத்தின் 243இசட்.டி. பிரிவு, மாவட்டந்தோறும் ஒரு திட்டக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர், மாவட்ட ஊராட்சியிலும் நகராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களாக இருக்க வேண்டும். மிக நன்று! குழுவின் வேலை? ஊராட்சிகளும் நகராட்சிகளும் தீட்டியவற்றைத் தொகுப்பது. மாவட்டம் முழுமைக்கும் ஒரு வரைவு எழுதுவது. தலைவர் அதை மாநில அரசுக்கு அனுப்பிவைப்பது. தொகு, வரை, அனுப்பு: வினைச்சொற்கள் இவைதாம். தண்ணீரைப் பங்கிடுவதைக் கருது, சுற்றுச்சூழலைக் கருது என்றெல்லாம் பிரிவு அறிவுறுத்துகிறது. அனுப்பிய பின் என்ன நேரும்? பிரிவு அங்கே வாய்மூடிக்கொள்கிறது. அரசு அதைப் படிக்க வேண்டும் என்றுகூட எழுதவில்லை. மறுத்தால் காரணம் கூற வேண்டும் என்பது இல்லை. இத்தனை விழுக்காடு பணம் இதற்கென்று இல்லவே இல்லை. விண்ணப்பம் எழுதும் உரிமையை ஆட்சி உரிமை என்று அச்சிட்டுத் தந்திருக்கிறார்கள்.

அந்த விண்ணப்பத்தையாவது எழுத விட்டோமா? 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் இருபத்தேழு மாவட்டங்களிலும், எஞ்சிய ஒன்பதில் 2021 அக்டோபரிலும் நடந்தது. நகரங்கள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. இடையில் தனி அலுவலர்கள் ஆண்டனர். மாவட்டத் திட்டக் குழுவுக்கு உறுப்பினர் அனுப்ப வேண்டியவர்களே இல்லை, குழு ஏது? அந்த இடைவெளியில்தான், 2018 நவம்பர் 16ஆம் நாள், கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை வேரோடு சாய்ந்தது; மின்கம்பங்கள் வரிசை வரிசையாய் முறிந்தன; எத்தனையோ சிற்றூர்கள் பல நாள் இருளிலும் தண்ணீரின்றியும் கிடந்தன. எந்தத் தெருவில் எத்தனை குடிசை, எந்தக் குடிசையில் நடக்க இயலாத கிழவி என்று அறிந்த வார்டு உறுப்பினர் பதவியில் இல்லை. மக்கள் சாலையை மறித்தது பிடிவாதத்தால் அன்று; முறையிடத் தெரிந்த முகம் ஒன்றும் அருகில் இல்லாமையால். தேர்தல் தள்ளிப்போனது பெரிய செய்தியன்று என நினைத்தோர், அந்த நவம்பரைப் படுகையில் கழித்திருக்க வேண்டும்.

2025 சனவரி 5இல் இருபத்தெட்டு மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்களே வந்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் வேறு கட்சியார். கட்சி மாறியது, பழக்கம் மாறவில்லை என்று எழுதும்போது நம் பேனா சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. எழுதாமல் விட்டால் பேனா எதற்கு?

இங்கே ஒரு தடை எழும். நம் தோழர்களே எழுப்புவார்கள், எழுப்பவும் வேண்டும். 'அதிகாரத்தைக் கீழே கொடு என்கிறீர். கீழே இருப்பது சாதியல்லவா?' உண்மை. சிற்றூரைச் சொர்க்கம் என்று பாடியவர்களை 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே அண்ணல் அம்பேத்கர் கண்டித்தார். 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவரானார் என்ற ஒரே குற்றத்துக்காக முருகேசனும் அவருடன் வந்தோரும் வெட்டி வீழ்த்தப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தாழ்த்தப்பட்டோர் தலைவராகும் தேர்தல் 2006 வரை நடக்க விடப்படவில்லை. இந்த ஊர்களை மறந்துவிட்டு 'கிராம சுயராச்சியம்' பாடுவோர் கூட்டத்தில் நாம் சேர மாட்டோம்.

ஆனால் அந்த ஊர்களில் பூட்டைத் திறந்தது எது? தேர்தலை நிறுத்தி வைத்தது அன்று. இடஒதுக்கீடும், அதை நடத்தியே தீருவது என்ற அரசின் உறுதியுமே. மேலும் நாம் கேட்பது ஊரளவு ஆட்சி மட்டுமன்று, மாவட்டத்தின் அளவு. ஓர் ஊரில் ஒரு சாதி அம்பலம் செய்யலாம். மாவட்டம் முழுவதிலும் எந்தச் சாதியும் தனியே அம்பலம் செய்ய முடியாது. பல ஊர்ச் சேரிகளின் உறுப்பினர் ஒரே மேசையில் அமரும்போது, தனியூரில் வாய் திறக்க அஞ்சியவர் அங்கே வாய் திறப்பார். 2016இல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் செய்தோம். அவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முடிவெடுக்க ஒன்றும் தராமல் நாற்காலி மட்டும் தந்தால், 'கணவரே கையெழுத்துப் போடுகிறார்' என்ற ஏளனத்துக்கு நாமே உரம் போட்டவர்கள் ஆவோம்.

சட்டம் இயற்றிவிட்டால் எல்லாம் தீரும் என்பாரும் உளர். வடகிழக்கைப் பார்க்கட்டும். அங்கே 1971இலேயே நாடாளுமன்றச் சட்டத்தால் வடகிழக்கு மன்றம் அமைந்தது. 2002இல் அதை வட்டாரத் திட்ட அமைப்பாக்கினார்கள். சாலை போட்டது, மின்நிலையங்களுக்குத் துணை நின்றது, கல்வி நிலையங்கள் கண்டது. ஆனால் 2018 முதல் அதன் தலைவர் டில்லியின் உள்துறை அமைச்சர். எட்டு மாநிலத்தின் முதலமைச்சர்கள் உறுப்பினராய் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். சட்டம் இருக்கிறது, சாவி வேறிடத்தில் இருக்கிறது.

சாவியைக் கொடுத்துப் பார்த்தவர்கள் அடுத்த வீட்டார். 1996இல் கேரளம், திட்டச் செலவில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கென்று ஒதுக்கிவிட்டது. பணத்தை முதலில் ஒதுக்கினார்கள்; பிறகு, திட்டம் எழுதுங்கள் என்றார்கள். நம்மவர் முறை தலைகீழ்: முதலில் எழுது, பணத்தைப் பிறகு பார்ப்போம். பணம் வரும் என்று தெரிந்தால் கூட்டத்துக்கு மக்கள் வருவார்கள், கணக்குக் கேட்பார்கள், சண்டையும் போடுவார்கள். கேரளத்திலும் ஊழல் உண்டு. அரைகுறையாய் நின்ற கட்டடங்கள் உண்டு. கட்சிச் சண்டையில் வீணான ஆண்டுகள் உண்டு. ஆயினும் அங்கே ஊராட்சித் தலைவர் ஒருவர், 'என் பங்கு எங்கே?' என்று அரசைக் கேட்க முடியும். நம் மாவட்ட ஊராட்சித் தலைவர் என்னவென்று கேட்பார்?

சட்டமன்றத்தில் அமர்ந்திருக்கும் நம்மவரிடம் நாம் வைப்பது பெரிய கோரிக்கையன்று. மாநிலத் திட்டக் குழுவுக்கு ஒரு சட்டம். அதன் உறுப்பினர்க்கு ஆட்சி மாற்றத்தால் அசையாத காலவரை. ஆய்வு முடிந்த அன்றே அறிக்கை மக்கள் கைக்கு. மாவட்டத் திட்டக் குழுவுக்கு, வரவுசெலவுத் திட்டம் தொடங்குமுன்பே அறிவிக்கப்பட்ட ஒரு தொகை. அது அனுப்பும் வரைவுக்குக் குறித்த நாளுக்குள் விடை. மறுப்பாயின் எழுத்தில் காரணம். நிதிநிலை அறிக்கையோடு சட்டமன்ற மேசையில் கட்டுக் கட்டாக ஏடுகள் வைக்கிறார்களே, அவற்றோடு இன்னும் ஓர் ஏடு வைக்கட்டும்: மாவட்டவாரியாக, எந்தக் குழு எதைக் கேட்டது, எது தரப்பட்டது, எது மறுக்கப்பட்டது, ஏன் என்று. நாகை மாவட்டத்தின் பக்கத்தைத் திருப்பி, தம் ஊர் வடிகாலின் பெயர் அதில் இருக்கிறதா என்று கடைமடை உழவர் பார்க்கட்டும்.